எம்.ஆர்.பி. இல்லாத சேவல்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் "ஏலம் விடுறேன்" என்றுதான் சொல்வேன். கேட்டவர் பெண்ணாக இருந்தால் அவர் கை தன்னையறியாமல் கழுத்துச் சங்கிலிக்குப் போகும். நம் பக்கம் ஏலம் என்றாலே முதலில் ஞாபகம் வருவது அடகு நகை. வட்டி கட்டாதவர்களுக்கு வரும் நோட்டீஸ், பேப்பரில் பொடி எழுத்தில் வரிசை வரிசையாய் கணக்கு எண்கள். அடுத்தது ஏலச்சீட்டு. அதற்கப்புறம்தான் மீன். "அது இல்லங்க, நான் விடுறது தர்ம காரியத்துக்கு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், மசூதின்னு பணம் சேர்த்துக் குடுக்குற ஏலம்" என்று விளக்கினால், "அதுக்கெல்லாமா சம்பளம் குடுக்குறாங்க?" என்று அடுத்த கேள்வி வரும். கொடுக்கிறார்கள். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு பாம்பன் பக்கம். அப்பா கடலுக்குப் போனவர். அம்மா கூடையில் மீன் எடுத்து ஊர் ஊராய் விற்றவர். சித்தப்பா மீன் ஏலக்காரர். ஆக, ஒரே கூறு மீனைக் கொண்டு வருகிறவர் பக்கம், வாங்குகிறவர் பக்கம், நடுவில் நின்று கூவுகிறவர் பக்கம் என்று மூன்று பக்கமும் நின்று பார்த்து வளர்ந்தவள் நான். ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது அன்றைய விலையைப் பற்றி மூவரும் மூன்று விதமாய்ச் சண்டை போடுவார்கள்.

கரையில் ஏலம் எப்படி நடக்கும் என்று பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். நாட்டுப் படகு வந்ததும் மீனைத் தரம் பிரித்துக் கூறு போடுவார்கள். விளமீன் தனி, பாறை தனி, கணவாய் தனி, நண்டு தனி. காரலும் சூடையும் குவியலாய்க் கிடக்கும். சித்தப்பா குனிந்து ஒரு மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்ப்பார். நிமிர்ந்ததும் "எண்ணூறு" என்று ஒரு விலையைத் தூக்கிப் போடுவார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எழுநூறு, அறுநூறு என்று அவரே இறக்கிக்கொண்டு வருவார். எங்கேயோ ஒரு மீன்கார அக்காவின் முகவாய் லேசாக மேலே போகும். அவ்வளவுதான், பிடித்துக்கொள்வார். அங்கிருந்து ஏறும். "ஐநூறு ஐநூறு ஐநூத்தம்பது அம்பது அம்பது அறுநூறேய்..." கேட்கிறவர்கள் சத்தமே போட மாட்டார்கள். ஒருவர் கண்ணைச் சிமிட்டுவார், ஒருவர் தோள் துண்டின் நுனியை இழுப்பார், வெளியூர் வியாபாரி செல்போனில் பேசிக்கொண்டே ஒரு விரலை மடக்குவார். ஒரு கூறுக்கு ஒரு நிமிஷம் ஆனாலே அதிகம். வெயில் ஏறுகிறது, ஐஸ் கரைகிறது, மதுரைக்குப் போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது. வாய் பாட்டுக்குக் கூவிக்கொண்டிருக்கும், வேலை பார்ப்பதெல்லாம் கண்தான்.

அந்தக் கூவலுக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் ஓடும். வலை வாங்க, இன்ஜின் பழுது பார்க்க என்று படகுக்காரர்களுக்கு முன்பணம் போயிருக்கும். அதற்காக மீன் குறிப்பிட்ட ஆளிடம்தான் வந்தாக வேண்டும். வாங்குகிற பெண்களோ அன்றைக்கே காசு கொடுக்க மாட்டார்கள், விற்று வந்துதான் கொடுப்பார்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் இன்றைக்குக் கேட்கத் தகுதியில்லாமல் கேட்கிறார், எந்த வியாபாரி நேற்று நஷ்டப்பட்டு இன்று வீம்புக்கு ஏற்றுகிறார் என்பதெல்லாம் சித்தப்பாவின் தலைக்குள் இருக்கும். அவர் நோட்டுப் புத்தகம் வைத்து நான் பார்த்ததில்லை.

நான் இந்த வேலைக்கு வருவேன் என்று யாரும் நினைக்கவில்லை. பி.காம். முடித்து ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எந்தப் படகுக்கு எத்தனை ஐஸ் பார் போனது, யார் பாக்கி, அதுதான் என் நாள். எங்கள் பங்குக் கோயிலில், அதாவது ஊர் சர்ச்சில், திருவிழா முடிந்த மறுநாள் நேர்ச்சைப் பொருட்களை ஏலம் விடுவது வழக்கம். பிள்ளை வரம் கேட்டவர்கள், காய்ச்சல் இறங்கியவர்கள், திசை மாறிப்போன படகு திரும்பி வரப்பெற்றவர்கள் கொண்டுவந்து கட்டிப்போட்ட ஆடு, சேவல், தென்னம்பிள்ளை, கருப்பட்டிக் கொட்டான். வருஷா வருஷம் சித்தப்பாதான் கூவுவார். அந்த வருஷம் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பங்குச்சாமி சுற்றுமுற்றும் பார்த்தார். சித்தப்பா என் முதுகில் கைவைத்து மேடைப் பக்கம் தள்ளினார். "நீ கூவுத்தா" என்று சைகையிலும் காற்றிலுமாகச் சொன்னார்.

முதல் பொருள் ஒரு சேவல். நான் விலையைச் சொல்லுமுன்பே முன்வரிசையிலிருந்து ஒரு தாத்தா கேட்டார்: "யாரு வீட்டுச் சேவலுத்தா இது?"

பக்கத்தில் நின்ற அக்கா சொல்ல, நான் மைக்கில் சொன்னேன். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்த மகன் வீடு வந்து சேர்ந்ததற்காக ஒரு தாய் நேர்ந்துவிட்ட சேவல். கூட்டம் ஒரு கணம் சும்மா இருந்தது. அப்புறம் கைகள் எழுந்தன. சந்தையில் நானூறோ ஐநூறோ பெறுகிற சேவல் ஆறாயிரத்துக்குப் போனது. எடுத்தவர் வீட்டில் ஏற்கெனவே கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன, சேவலுக்குப் பஞ்சமில்லை. அவருடைய தம்பி அப்போது சிறைக்குள்ளே இருந்தான்.

அன்றைக்குக் கேட்ட அந்தத் தாத்தாவின் கேள்வியைத்தான் இன்றுவரை என் தொழிலின் மூலதனமாய் வைத்திருக்கிறேன். எந்த ஏலத்துக்குக் கூப்பிட்டாலும் முந்தைய நாளே போய், ஒவ்வொரு பொருளும் யார் வீட்டிலிருந்து வந்தது, ஏன் வந்தது என்று விசாரித்து எழுதி வைத்துக்கொள்வேன். சொல்லலாமா என்று கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்வேன். சிலர் வேண்டாம் என்பார்கள். அந்தப் பொருள் கொஞ்சம் குறைவாகப் போகும், போகட்டும்.

ஏலத்தைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பின்னால்தான் தெரியும். 2020-இல் பொருளாதார நோபல் பரிசு பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் என்ற இரண்டு பேருக்கும் ஏலக் கோட்பாட்டுக்காகத்தான் கிடைத்தது. அதில் ஒரு சங்கதி உண்டு: ஒரு பொருளின் உண்மையான மதிப்பு எவ்வளவு என்று யாருக்கும் நிச்சயமாய்த் தெரியாத ஏலத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் அதை எல்லோரையும்விட அதிகமாய் மதிப்பிட்டவர்தான், ஆகவே ஜெயித்ததே அவருக்கு நஷ்டமாய் முடியலாம். நம் கரை வியாபாரிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூறை எடுத்ததும் "ஐயோ கூடக் கேட்டுட்டோமோ" என்று ஒரு முழி முழிப்பார்கள் பாருங்கள், அதுதான். ஆனால் தர்ம ஏலத்தில் கூடக் கேட்பதற்குத்தான் எல்லோரும் வந்திருக்கிறார்கள். கூடுதலாய்ப் போகிற அந்தப் பணம்தான் பள்ளிக்கூடக் கூரை.

இதனால்தான் கடையில் விலை தெரிந்த பொருளை என்னிடம் கொண்டுவராதீர்கள் என்று கமிட்டிகளிடம் கெஞ்சுவேன். கேட்க மாட்டார்கள். யாராவது ஒரு பெரிய டிவியை அன்பளிப்பாய்க் கொடுத்திருப்பார், அதை மேடை நடுவில் மாலை போட்டு நிறுத்தி வைத்திருப்பார்கள். எம்.ஆர்.பி. ஒட்டின பொருள் அந்த விலையைத் தாண்டவே தாண்டாது. கூட்டத்தில் பாதிப் பேர் போனை எடுத்து ஆன்லைனில் என்ன விலை என்று பார்த்துவிடுவார்கள். அதே மேடையில் பழைய தலைமையாசிரியர் அடித்த பித்தளை மணியை, கைப்பிடி கழன்று கயிறு கட்டியதை, எடுத்து வையுங்கள். அதற்கு எங்கே போய் விலை பார்ப்பது? ஒரு முன்னாள் மாணவர் சந்திப்பில் அப்படியொரு மணியை எடுத்தவர், பணத்தைக் கட்டிவிட்டு மணியைப் பள்ளிக்கே திருப்பிக் கொடுத்தார். கொடுக்குமுன் ஒரு தடவை அடித்துப் பார்த்தார். வயசான ஆட்கள் நாலைந்து பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

நம் மாவட்டத்துப் பொருட்களில் எதற்கு மவுசு என்று கேட்டால், தயங்காமல் முண்டு மிளகாய் என்பேன். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து சென்னையில் ஒரு சின்ன ஓலைக் கொட்டான் மிளகாய்க்கே கை தூக்குகிறார்கள். காரத்துக்காக இல்லை, ஊர் ஞாபகத்துக்காக. வாங்கிக்கொண்டு போய் என்ன செய்வார்கள் என்பது அவர்கள் வீட்டுக்காரம்மாக்களின் பாடு. ஆகாத பொருளும் உண்டு. தாத்தா காலத்தில் எடுத்தது என்று பவளப்பாறைத் துண்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார் ஒருவர். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை, விற்கவும் கூடாது வாங்கவும் கூடாது. அதுவும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை வாசலில் வைத்துக்கொண்டு மைக்கில் கூவினால் நேரே வனத்துறை ஜீப்தான். "அண்ணே, இத மேடைப் பக்கமே கொண்டாராதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பதிலுக்கு அவர் வீட்டில் போட்ட மாசிக் கருவாட்டை வாங்கி ஏலத்தில் வைத்தோம். நன்றாகவே போனது.

இது தொழிலாய் மாறியது கீழக்கரைக்காரர் ஒருவரால். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், நண்பரோடு எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். மறு வாரமே போன். அவர் படித்த பள்ளிக்கு ஆய்வுக்கூடம் கட்ட ஒரு விருந்து வைக்கிறார்களாம், "நீங்க வந்து அதே மாரி பேசணும்மா." "காக்கா, நான் ஐஸ் கம்பெனில லீவு சொல்லணுமே" என்றேன். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "லீவுக்கு உள்ளதையும் சேத்துத் தாரோம்" என்றார். அதிலிருந்து ஒருவர் சொல்லி ஒருவர். முதலில் வாரக் கடைசிகள், அப்புறம் சென்னை, மதுரை, பிறகு ஐஸ் கம்பெனிக் கணக்கை வேறொரு பெண்ணிடம் ஒப்படைத்தேன்.

பெண் என்பதால் ஆரம்பத்தில் கொஞ்சம் இழுபறி இருந்தது. மீன் கரையில் பெண்கள் பேரம் பேசுவதும் கூவுவதும் புதுசில்லை, ஆனால் கோட்டுப் போட்ட கூட்டத்துக்கு அது புதுசு. 2023 டிசம்பரில் துபாயில் மல்லிகா சாகர் ஐ.பி.எல். ஏலத்தை நடத்தியதைக் கிரிக்கெட் பார்க்கிற வீடெல்லாம் பார்த்தது. அதற்கப்புறம் அந்த இழுபறி நின்றுவிட்டது. இப்போது "அந்தச் சுத்தியல் இருக்காம்மா உங்ககிட்ட?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், அது போதும்.

சட்டத்துக்கும் அது போதும். 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவு. சுத்தியல் தட்டியோ வேறு வழக்கமான முறையிலோ ஏலக்காரர் முடிந்தது என்று அறிவிக்கும்போதுதான் விற்பனை முடிகிறது. அதுவரைக்கும் கேட்டவர் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆக, "ரெண்டு தரம்" என்பதற்கும் "மூணு தரம்" என்பதற்கும் நடுவில் ஒரு மனுஷனுக்குத் தப்பிக்க வழி இருக்கிறது. அந்த இடைவெளியை எவ்வளவு நீட்டுவது என்பது என் கையில் இருக்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. விற்கிறவர் தன் ஆளை விட்டுக் கேட்கவைப்பதாய் இருந்தால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சொல்லாமல் செய்தால் வாங்கியவர் அதை மோசடி என்று எடுத்துக்கொள்ளலாம். "நம்ம பய ஒருத்தன உள்ள விட்டு ஏத்திவிடுவோம், நல்ல காரியத்துக்குத்தானே" என்று எல்லா ஊரிலும் யாராவது ஒரு கமிட்டிக்காரர் காதில் சொல்வார். நல்ல காரியம்தான், நான் வர மாட்டேன் என்பேன்.

மீன் கரையில் ஏலக்காரர் யார் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. படகுக்காரருக்கு நாலு காசு கூடக் கிடைக்க வேண்டும். வாங்குகிறவர் விவரமானவர், தன்னைத் தானே பார்த்துக்கொள்வார். தர்ம ஏலத்தில் அப்படி விட முடியாது. கேட்கிறவருக்கு முன்னால் சொந்தபந்தம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. கையைத் தூக்குவது சுலபம், இறக்குவது கஷ்டம். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் மைக் பிடித்தவருக்கு வந்துவிடுகிறது. இதைக் கமிட்டிகளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும்.

சாயல்குடிப் பக்கம் ஒரு ஊர். அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்து சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சங்கனி ஏலம். பணம் அன்னதானக் கூடத்துக்கு. அம்மன் சூலத்துக் கனி என்றால் பிள்ளை இல்லாதவர்கள், தொழில் படுத்தவர்கள் எல்லாம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஐயாயிரம் வரைக்கும் அப்படித்தான் போனது. அப்புறம் இரண்டே குரல். ஒருவர் பெரியவர், மிளகாய் போடுகிறவர். இன்னொருவர் அவருடைய மச்சினன், வெளிநாட்டில் சம்பாதித்து வந்தவர். வரப்புத் தகராறில் இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லையாம், இது எனக்கு முந்தைய நாளே தெரிந்திருந்தது. பத்து, பதினஞ்சு, இருபது என்று ஆயிரங்கள் ஏறின. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இளவட்டங்கள் விசில். கமிட்டித் தலைவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். பெரியவரின் சம்சாரம் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மச்சினனின் அக்காதானே அதுவும்! எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அதற்குத்தான் வலி.

பெரியவர் நாற்பது என்றார். குரலில் பிசிறு. அந்த வருஷம் மழை பொய்த்து மிளகாய் சரியாக இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

"நாப்பதாயிரம் ஒரு தரம். நாப்பதாயிரம் ரெண்டு தரம்." நிறுத்தினேன். தண்ணீர் கேட்டேன். சொம்பு வந்து, குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மச்சினன் அடுத்த விலையைச் சொல்ல வாயெடுக்குமுன் கேட்டேன்: "பூசாரி ஐயா, அம்மன் சூலத்துல எத்தன கனி?"

"மூணுத்தா."

"நடுக் கனி மாமாவுக்கு. வலது கனி அவுக மச்சானுக்கு. ஆளுக்கு இருவதாயிரம். அம்மனுக்கு வரவேண்டிய நாப்பது வந்துருச்சு. மாமா, சம்மதமா? அண்ணே, உங்களுக்கு?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதிரெதிர்த் திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் தலையை ஆட்டினார். மச்சினன் கையை எடுத்துக் கும்பிட்டார், என்னையா, அம்மனையா, தெரியவில்லை. இடது கனியைப் பெண்கள் மட்டும்தான் கேட்கலாம் என்று அறிவித்தேன். மகளிர் குழுப் பெண்கள் சேர்ந்து மூவாயிரத்துக்கு எடுத்தார்கள். கீழே இறங்கியதும் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன தாயி, அம்பதத் தாண்டிருக்குமே, நடுவுல தட்டிவிட்டுட்டியே!" தாண்டியிருக்கும்தான். கையில் வந்திருக்குமா? ஏலம் எடுத்த காசை அடுத்த கொடைக்குக் கட்டினால் போதும் என்கிற வழக்கம் சில ஊர்களில் உண்டு. அந்த ஒரு வருஷத்தில் பல ஐம்பதாயிரங்கள் பேச்சாகவே நின்றுவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த நாற்பதில் ஒரு பாதி அன்றைக்கே ரொக்கமாய் வந்தது, மறுபாதி மிளகாய் விற்றதும் வந்தது.

வசூல் என்பது தனிக் கலை. சொன்ன தொகைக்கும் வந்த தொகைக்கும் உள்ள தூரத்தைக் குறைக்க நான் ஒரு பையனைக் கியூ.ஆர். அட்டையோடு கூட்டத்துக்குள்ளேயே நிறுத்திவிடுவேன். ஏலம் எடுத்தவர் உட்காருவதற்குள் பையன் பக்கத்தில் நிற்பான். ரசீதில் பெண்கள் எடுத்ததைப் பெண்கள் பெயரிலேயே எழுதச் சொல்வேன். "இன்னார் மனைவி" என்று எழுதுவது பல கணக்குப்பிள்ளைகளுக்குக் கை பழகிப்போன ஒன்று. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் சிலர் ஒரு தடவை காசு சேர்த்துக்கொண்டு ஒரு ஆட்டுக்குட்டியைக் கேட்டார்கள். ஒரு விசைப்படகு முதலாளி எதிரே கேட்டார், விடவில்லை. எடுத்துவிட்டு, "மறுபடியும் ஏலத்துல விடுங்க" என்று குட்டியைத் திருப்பி மேடைக்கு அனுப்பினார்கள். அதே முதலாளி இரண்டாவது தடவை இன்னும் கூடக் கொடுத்து எடுத்தார். ஒரே குட்டிக்கு இரண்டு வரவு. 2024-இல் காஷ்மீரின் சோப்பூர் பக்கம் ஒரு மசூதி கட்டுவதற்காக யாரோ ஒருவர் கொடுத்த ஒற்றை முட்டையை இப்படித்தான் எடுக்க எடுக்கத் திருப்பிக் கொடுத்து இரண்டு லட்சத்துக்கு மேல் சேர்த்தார்கள் என்று செய்தி வந்தபோது, எங்கள் பாசிக்கார அக்காக்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு அக்காவிடமிருந்து பதில்: "நம்மளப் பாத்துத்தான்."

பணக்காரக் கூட்டத்தில் வேறு வழி. பொருளே இல்லாமல் நேரடியாய்க் கேட்பது. அமெரிக்காவில் தர்ம விருந்துகளில் பெரிய தொகை இப்படித்தான் வருகிறது. மேலிருந்து ஆரம்பிப்பார்கள்: ஒரு லட்சம் யார்? ஐம்பதாயிரம்? இருபத்தைந்து? இப்படிப் படிப்படியாய் இறங்குவது. கீழிருந்து ஆரம்பித்தால் லட்சம் கொடுக்க வந்தவரும் ஐயாயிரத்தில் கையைத் தூக்கிவிட்டு நிம்மதியாய் உட்கார்ந்துவிடுவார். நெதர்லாந்தில் ஆல்ஸ்மேர் பூச்சந்தையில் விலைக் கடிகாரம் மேலிருந்து இறங்குவதும், சித்தப்பா எண்ணூறில் போட்டு இறக்குவதும் கிட்டத்தட்ட இதே வழிதான். நான் சேர்த்துக்கொண்டது ஒன்றே ஒன்று: நூறு ரூபாய் வரைக்கும் இறங்குவேன், அதுவரை யாரும் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். நூறுக்கு வரும்போது சமையல்காரர்கள் கரண்டியோடு கை தூக்குவார்கள்.

சமையல் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏலம் சாப்பாட்டுக்கு முன்தான் நடக்க வேண்டும். பிரியாணித் தேக்சாவின் மூடியைத் திறந்த பிறகு யார் பேச்சையும் யாரும் கேட்க மாட்டார்கள். ராத்திரி ரொம்ப நேரம் போனாலும் ஆகாது. கொஞ்சம் "போட்டுவிட்டு" வருகிறவர்கள் தாராளமாய்க் கேட்பார்கள், காலையில் மறந்துவிடுவார்கள். அப்புறம் நாள் பார்க்க வேண்டும். ராமேசுவரம் தீவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப் படகுக்கு. படகு போகிற நாளில் ஏலம் வைத்தால் நாற்காலிதான் உட்கார்ந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஊர்களில் யாரிடமும் கேட்கவே போகாதீர்கள், கேட்பது பாவம். வளைகுடாவிலிருந்து ஆட்கள் எப்போது விடுமுறைக்கு வருகிறார்கள் என்பது அதைவிட முக்கியம். என் டைரியில் பண்டிகைத் தேதிகளுக்குப் பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமி குறித்திருக்கும்.

எல்லோரும் பெயர் வேண்டித்தான் கொடுக்கிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்களே, அந்தச் சீதக்காதி நம் கீழக்கரைக்காரர். இறந்த பிறகு தேடிவந்த புலவருக்குச் சமாதியிலிருந்து கை நீண்டு மோதிரம் கொடுத்ததாகக் கதை. அந்த ஊரில் ஏலம் விடப்போனால் ஒரு சிக்கல் வரும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஹதீஸும் சொல்கிறது, எங்கள் பைபிளும் சொல்கிறது. நானோ மைக்கில் பெயரைக் கூவுகிறவள். பெரிய கொடைகள் பெரும்பாலும் ஏலம் முடிந்த பிறகு, செருப்பு மாட்டும் இடத்தில், மடித்த காகிதத்தில்தான் வரும். "ஒரு சகோதரர்னு சொல்லும்மா, போதும்." முதலில் இவற்றைக் கடைசியில் சேர்த்துப் படித்தேன். இப்போது முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஏலத்தின் நடுவே படிக்கிறேன். "ஒரு சகோதரர், ஐம்பதாயிரம்" என்றதும் கூட்டம் தலையைத் திருப்பித் திருப்பி யார் என்று தேடும். அடுத்த பொருளுக்குக் கை கொஞ்சம் வேகமாய் எழும். கொடுத்தவர் தானும் தலையைத் திருப்பித் தேடிக்கொண்டிருப்பார்.

சரி, சம்பளம். மீன் கரையில் ஏலக்காரருக்கு விற்றதில் சதவீதம், காலங்காலமாய் அப்படித்தான். அதே கணக்கில் எனக்கும் கொடுக்கலாம் என்று நிறையக் கமிட்டிகள் வந்தன. நான் வாங்குவது ஒரே தொகை. ஆயிரம் வசூலானாலும் அதுதான், பத்து லட்சம் வசூலானாலும் அதுதான். சின்ன ஊர் என்றால் குறைத்துக்கொள்வேன். அமெரிக்காவில் நிதி திரட்டுகிறவர்களுக்கென்றே உள்ள அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரைசிங் புரொஃபஷனல்ஸ் என்ற சங்கமும் திரட்டியதில் சதவீதம் வாங்கக் கூடாது என்று நெறிமுறை வைத்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது என்பது உண்மை.

சித்தப்பாவுக்கு இது இன்றுவரை ஜீரணமாகவில்லை. தொண்டை சரியாகி இப்போது கரையில் பழையபடி கூவுகிறார். "நூத்துக்கு அஞ்சுன்னா என்னா கணக்கு! கூவுறவனுக்குப் பங்கு இல்லாட்டி தொண்டையில சூடு எங்கிட்டிருந்துத்தா வரும்?" என்பார். சாயல்குடி எலுமிச்சங்கனிக் கதையை அவருக்குச் சொன்னேன். சதவீதத்துக்கு நின்றிருந்தால் நாற்பதில் தண்ணீர் கேட்டிருப்பேனா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பீடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சரிதான். ஆனா வண்டிச் செலவயாவது தனியா வாங்கித் தொலைத்தா."

இப்போது வாங்குகிறேன். சாப்பாடு அவர்கள் பொறுப்பு.